அந்தச் சூடுதான் என்று நினைத்தோம்

போன வருஷம் மாசி மாசத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கம் அண்ணன் வீட்டு அடுக்களையில் நானும் மைனியும், அதாவது அண்ணியும், தரையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். மைனி கத்தியால் ஒரு கீறல் போட்டு, பெருவிரலை உள்ளே விட்டு நெம்பினால் தொலி மொத்தமும் சுருளாகக் கழன்று வந்துவிடும், எனக்கு எப்போதும் துண்டு துண்டாகத்தான் வரும். நாலாவது கிழங்கில் கத்தியைப் போட்டதும் மைனியின் கை நின்றுவிட்டது. அப்படியே பின்னால் சுவரில் சாய்ந்து, நெஞ்சுக்குக் கீழே, விலா எலும்புகள் சேருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டார். முகத்தில் வேர்வை. ஜாக்கெட் முதுகில் ஒட்டிப்போய்விட்டது.

“என்ன மைனி?”

“ஒண்ணுமில்ல பிள்ளே, அந்தச் சூடுதான். இப்பம் போவும்.”

நானும் நம்பினேன். ஏனென்றால் அந்தச் சூடு எனக்கும் அப்போது வந்துகொண்டிருந்தது. எனக்கு 48 வயது, மாசவிடாய் ஒழுங்கில்லாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்திலிருந்து குப்பென்று ஏறி, போர்வையை உதறி, ஃபேனுக்கு நேராகப் போய் நிற்கிற நாட்கள் அவை. அதனால் பக்கத்தில் கிடந்த சொளவை எடுத்து மைனிக்கு வீசிக்கொண்டே, “எனக்கும் இப்படித்தான் மைனி வருது” என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பது இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

சூடு போகவில்லை. அரை மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தார். அப்போது பெயர் மாறியது: வாயு. மத்தியானம் மரச்சீனியும் மீன்கறியும் தின்றதுதான் வாயு பிடித்துவிட்டது என்று அம்மை சொல்ல, ஓமத்தண்ணி கொடுத்தோம், முதுகைத் தடவிவிட்டோம். எட்டரை மணிக்கு அண்ணன் ஆட்டோ பிடித்து வந்தார். பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: “நெஞ்சு வலி இருக்கா?” மைனி, “வலி இல்ல டாக்டர், ஒரு மாதிரி இருக்கு” என்றார். வயது கேட்டார், 51 என்றோம். “இந்த வயசுல லேடீஸுக்கு இதெல்லாம் இருக்கும், கேஸ் டிரபிள்தான்” என்று ஒரு ஊசி, இரண்டு மாத்திரை. அந்த அறையின் மூலையில் இ.சி.ஜி. மெஷின் பச்சைத் துணி போர்த்தி நின்றது. அதை நான் பார்த்தேன். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஐந்து நிமிஷ வேலை அது.

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க மைனி தூங்காமல் உட்கார்ந்தே இருந்தார், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று. விடிந்ததும் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒன்பது மணிக்கு இ.சி.ஜி. எடுத்த பிள்ளை காகிதத்தைக் கிழித்தெடுத்ததும் எங்களிடம் ஒன்றும் பேசாமல் டாக்டரிடம் ஓடினாள். அப்புறம் 108, பெரிய ஆஸ்பத்திரி, ஆஞ்சியோகிராம். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற முக்கியமான குழாயில் அடைப்பு. நெஞ்சில் அமுக்கம் அப்போதும் விடாமல் இருந்ததால் அன்றைக்கே குழாயை விரித்து வைக்கிற ஸ்டென்ட் வைத்தார்கள். முந்தின நாள் ஏழு மணிக்குத் தொடங்கியது, இ.சி.ஜி. எடுக்கவே பதினாலு மணி நேரம் ஆகிவிட்டது. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கே பொதுவாக 12 மணி நேரம்தான் எல்லை, அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் தசை நன்றாகப் பிழைக்கும் என்று பிறகு சொன்னார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் மைனியின் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளுகிற ரத்தம் 38 சதவீதம் என்று வந்தது. சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். அந்தக் குறைச்சலில் எவ்வளவு அந்தப் பதினாலு மணி நேரத்தால் வந்தது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அது தினமும் மனதில் ஓடும்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து மைனியிடம் நிதானமாகக் கேட்டேன், அன்றைக்கு உண்மையிலேயே வலி இல்லையா என்று. “வலின்னா குத்தணும்லா. இது அம்மிக்கல்லத் தூக்கி நெஞ்சுமேல வெச்சமாதிரி. தாடையெல்லாம் பல்லு கூசுத மாதிரி ஒரு இழுப்பு. அத வலின்னு எப்படிச் சொல்ல?” என்றார். இந்தப் பதிலை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சில் ஒன்றுமே தெரியாது என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது, அது சரியில்லை. பெண்களுக்கும் அதிகமாக வருகிற அறிகுறி நெஞ்சில்தான். ஆனால் அதை ‘வலி’ என்று நாம் சொல்வதில்லை. பாரம் என்போம், அமுக்கம், இறுக்கம், கரிப்பு, ஒரு மாதிரி இருக்கு என்போம். அதோடு மூச்சு வாங்கல், குமட்டல், முதுகிலும் தாடையிலும் தோளிலும் இழுப்பு, காரணமே இல்லாத அசதி, சில்லென்ற வேர்வை எல்லாம் சேர்ந்து வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இப்படி வருவது கூடுதல். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு நெஞ்சில் சத்தமே இல்லாமல் போவதும் உண்டு. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும், நெஞ்சில் ஏதாவது அமுக்குகிறதா என்று கேட்டிருந்தால் மைனி ஆமாம் என்றிருப்பார். டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டியதுதான்: நெஞ்சு அமுக்குது, இ.சி.ஜி. எடுங்க.

இன்னொன்றும் அப்போதுதான் வெளியே வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே, பஸ் இறங்கி வீட்டுக்கு வருகிற ஏற்றத்தில் பாதியில் நின்று நின்றுதான் வந்திருக்கிறார். அண்டி ஆபீஸில் வேலை முடிந்து வருகிற களைப்பு என்று நினைத்துக்கொண்டாராம். மைனி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தவர். விரல் நுனியெல்லாம் கறுத்து, எண்ணெய் பட்டு வெந்து ஆறி வெந்து ஆறித் தோல் தடித்திருக்கும். காலையிலிருந்து சாயங்காலம்வரை தரையில் ஒரே இருப்பு. களைப்பு என்பதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. ஏற்றத்தில் வந்து, நின்றால் போய்விடுகிற நெஞ்சு இறுக்கம் இருந்தால் அது இதயம் முன்கூட்டியே தருகிற தகவல். நம் மாவட்டத்தில் ஏற்றம் இறக்கம் இல்லாத வழி எது? கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் வீட்டுக்குப் போக நாலு படியாவது ஏற வேண்டும். ஆறு மாசம் முன்பு மூச்சு வாங்காமல் ஏறிய அதே ஏற்றத்தில் இப்போது நிற்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சரி, அந்தச் சூட்டுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள் ஒரு இளம் டாக்டர் மைனியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மாசம் எப்போது நின்றது என்று கேட்டார். கர்ப்பப்பை எடுத்தாச்சு, 39 வயசில், அளவுக்கு மீறி ரத்தம் போய்க்கொண்டே இருந்தது, அதனால் எடுத்தார்கள் என்றார் மைனி. அடுத்த கேள்விதான் எங்கள் எல்லோரையும் நிறுத்தியது. “ஓவரியையும் எடுத்தாங்களா, கர்ப்பப்பை மட்டுமா?” மைனிக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு வருஷம், தன் உடம்பிலிருந்து எதை எடுத்தார்கள் என்று என் மைனிக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போய் பீரோவைக் கலைத்துத் தேடினார். வீட்டுப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரில், மடித்த மடிப்பில் மஞ்சள் ஏறி, அந்த டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. அதில் ‘டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ.’ என்று எழுதியிருந்தது. டி.ஏ.எச். என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை முழுவதையும் எடுப்பது. பி.எஸ்.ஓ. என்றால் இரண்டு பக்கத்துக் குழாய்களையும் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பது. நாம் ஓவரி என்று சொல்கிறோமே, அதுதான் சினைப்பை. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் சுரக்கிற இடமும் அதுதான். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாசம் நின்றுபோகும், ஆனால் சினைப்பை இன்னும் சில வருஷம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இரண்டையும் எடுத்தால் அன்றைக்கே, ஆபரேஷன் மேஜையிலேயே, மெனோபாஸ். நம் நாட்டில் தானாக மாசம் நிற்கிற வயது சராசரியாக 46, 47. மேல்நாடுகளில் 51. மைனிக்கு 39. அதாவது அவருடைய ரத்தக்குழாய்கள் மற்றவர்களைவிட ஏழெட்டு வருஷம் முன்னாலேயே ஈஸ்ட்ரோஜன் தருகிற பாதுகாப்பை இழந்துவிட்டன. 45-க்கு முன் மாசம் நின்றவர்களுக்கு, அதிலும் 40-க்கு முன் நின்றவர்களுக்கு, இதய நோய் வருகிற அபாயம் கூடுதல் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த செய்தி. அப்படிச் சின்ன வயசிலேயே சினைப்பையை எடுக்க நேர்ந்தால், தடை ஏதும் இல்லாதவர்களுக்கு, இயல்பாக மாசம் நிற்கிற வயசு வரைக்கும் ஹார்மோன் மாத்திரை கொடுப்பது வழக்கம். மைனிக்கு அப்படி ஒரு பேச்சே யாரும் எடுக்கவில்லை. தையல் பிரிக்க வரச் சொன்னார்கள், அதோடு முடிந்தது.

சில வேளை சினைப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டும், கட்டி, புற்றுநோய் பயம் என்று நியாயமான காரணங்கள் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. எடுத்தோம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாமா என்பதுதான் என் ஆத்திரம். “இனி பிள்ளை பெறப் போறதில்ல, எதுக்கு வெச்சுக்கிட்டு” என்று சொல்லிச் சொல்லியே நம் பக்கத்தில் எத்தனை பேருக்குக் கர்ப்பப்பை போயிருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்து பேசினால் நாலில் ஒருத்தி எடுத்திருக்கிறேன் என்பாள், ஓவரி இருக்கிறதா என்று கேட்டால் திகைத்துப் பார்ப்பாள்.

ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அடுத்த விஷயம் உறைத்தது. ஆபரேஷன் முடிந்த புதிதில் மைனிக்கு அந்தச் சூடு பாடாய்ப் படுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் சமைப்பார். நாலைந்து வருஷத்தில் அது குறைந்து நின்றும்போய்விட்டது. பிறகு ஆறேழு வருஷமாக அவருக்குச் சூடு வரவே இல்லை. அப்படியிருக்க, அந்தச் சனிக்கிழமை வந்த வேர்வையை ‘அந்தச் சூடுதான்’ என்று நாங்கள் எப்படிச் சொன்னோம்? அவர் சொன்னார், எனக்கு வந்துகொண்டிருந்ததால் நானும் ஆமாம் என்றேன். ஐம்பது வயசுப் பெண்ணுக்கு வேர்த்தால் அதற்கு ஒரே காரணம்தான் என்று எங்கள் இரண்டு பேர் தலையிலும் பதிந்திருக்கிறது.

சூட்டுக்கும் மாரடைப்பு வேர்வைக்கும் வித்தியாசம் உண்டு, எனக்கு வந்ததை வைத்தே சொல்கிறேன். சூடு மேல்பக்கம் நெஞ்சிலோ கழுத்திலோ தொடங்கி முகத்துக்கு ஏறும், தோல் சிவந்து சுடும், வேர்க்கும், சில நிமிஷத்தில் இறங்கும், இறங்கினதும் லேசாகக் குளிரும். படபடப்பும் கூட வரலாம். ஆனால் நெஞ்சில் கல் வைத்த பாரம் இருக்காது, தாடை இழுக்காது, வாந்தி வராது, படுத்தால் மூச்சு முட்டாது. மாரடைப்பில் தோல் சில்லிட்டுப் போயிருக்கும், மைனியின் கையைப் பிடித்தபோது மீன் பிடித்தமாதிரி குளிர்ந்திருந்தது. சந்தேகமாக இருந்தால் வீட்டில் வைத்து ஆராய்ச்சி பண்ணக் கூடாது, 108-க்குப் போன் பண்ண வேண்டும். 2023-லிருந்து தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கு உடனே கொடுக்க வேண்டிய மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் ஆட்டோவில் பத்து நிமிஷம். எங்களுக்கு அது தெரியாது.

ஈஸ்ட்ரோஜன் போனால் இதயத்துக்கு என்ன ஆகிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ரத்தக்குழாயின் உட்சுவரில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்து குழாயை இளக்கி வைக்கும். ஈஸ்ட்ரோஜன் அதற்குத் துணை. கல்லீரலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறவரை கெட்ட கொழுப்பாகிய எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து நன்றாக இழுத்துக்கொள்ளும். இது குறைந்ததும் குழாய் விறைக்கிறது, எல்.டி.எல். ஏறுகிறது, இதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது, பி.பி. ஏறுகிறது. வயசானால் இதெல்லாம் வரத்தானே செய்யும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய ‘ஸ்வான்’ என்ற ஆய்வில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை நடுவயதிலிருந்து வருஷா வருஷம் பரிசோதித்துக்கொண்டே வந்தார்கள். கடைசி மாசவிடாயை ஒட்டிய அந்த ஒரு வருஷத்தில் எல்.டி.எல். சட்டென்று தாவி ஏறுவதை அதில் கண்டார்கள், வயசோடு மெல்ல ஏறுகிற ஏற்றம் அப்படி இருக்காது. 2020-ல் அமெரிக்க இதய சங்கம் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. மாசம் நிற்கிற காலத்தைப் பெண்ணின் இதயத்தைக் கவனிக்கத் தொடங்க வேண்டிய காலமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது.

ஆண்களைவிடப் பெண்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக ஒன்பது வருஷம் தாமதமாக வருகிறது என்று 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு காட்டியது. அந்தத் தாமதம்தான் நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். எங்கள் அப்பா, பெரியப்பா எல்லோருக்கும் நெஞ்சுவலி வந்தது, ஆகவே வீட்டில் அண்ணனுக்குத்தான் பயந்தோம். அண்ணனுக்கு வருஷா வருஷம் கொலஸ்ட்ரால் பார்த்து, முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துவிட்டுக் கொடுத்ததே மைனிதான். அந்த மஞ்சள் கருவை வீணாக்க வேண்டாம் என்று தான் தின்றதும் அவர்தான். மைனியின் ரத்தத்தை ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தடவைகூட யாரும் பரிசோதித்ததில்லை.

அப்படியானால் ஹார்மோன் மாத்திரை எல்லோரும் போட்டால் இதயம் தப்புமா? நானும் இதை ஆசையோடு கேட்டேன். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படி நம்பினார்கள். 1991-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பகுதியை 2002-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது, மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால். பிறகு வயசு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60-க்குள், மாசம் நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்குகிறவர்களுக்கு அபாயம் அவ்வளவு இல்லை என்று தெரிந்தது. இன்றைக்கு நிலைமை இதுதான்: சூடும் தூக்கமின்மையும் தாங்க முடியாமல் இருக்கிறவர்கள் டாக்டரிடம் பேசி எடுத்துக்கொள்ளலாம், இதயத்தைக் காப்பதற்காக மட்டும் எடுப்பதில்லை, மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. மைனிக்கு அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

மைனியை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுவாரமே நான் எனக்குப் பார்த்துக்கொண்டேன். நான் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், எனவே எண்களை அப்படியே தருகிறேன். பி.பி. 148/92, இரண்டு நாள் விட்டுப் பார்த்தும் 140-க்குக் கீழே வரவில்லை. எல்.டி.எல். 152. நல்ல கொழுப்பு 41, பெண்களுக்கு 50-க்கு மேல் வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை 6.1, அதாவது வியாதிக்கு வாசற்படி. தையல்கார டேப்பால் தொப்புள் மட்டத்தில் சுற்றி அளந்தால் 91 சென்டிமீட்டர், நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ல் நிற்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. சூடு மட்டும்தான்.

டாக்டரம்மா அப்போது என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்டதில்லை. “பிரசவத்தில் பி.பி. இருந்ததா?” இருந்தது. ஏழாம் மாசத்தில் கால் பந்துபோல வீங்கி, கண் மங்கி, மகளை முன்கூட்டியே எடுத்தார்கள். பிள்ளை பிறந்ததும் பி.பி. இறங்கிவிட்டது, அதை மறந்தும்விட்டோம். கர்ப்பத்தில் பி.பி.யோ சர்க்கரையோ வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாம். அந்தப் பிரசவச் சீட்டை நான் எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டேன். மகளுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு, அவளுடைய ஒவ்வொரு சீட்டையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். இதை எழுதினால் எங்கள் ஊரில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஈத்தாமொழித் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது, அவியலிலிருந்து புளிமுளம்வரை தேங்காய் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. ஆனால் தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு. பல ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் வெளியான ஒரு கட்டுரை, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை 10 புள்ளி அளவுக்கு ஏற்றுகிறது என்று கணக்குக் காட்டியது. நம் பாட்டிமார் தின்று தொண்ணூறு வயசு இருந்தார்களே என்று அம்மை கேட்கிறார். பாட்டி தின்ற தேங்காய் எனக்குத் தெரியும். அரை மூடித் தேங்காயை அரைத்து எட்டுப் பேருக்குக் கறி, எண்ணெய் என்பது கடைசியில் ஒரு சொட்டு கறிவேப்பிலையோடு. இப்போது ஏத்தங்காய் சிப்ஸும் பொரித்த மீனும் வாரத்தில் அஞ்சு நாள். நாங்கள் பொரிப்பதை மாசத்துக்கு இரண்டு நாளாக்கினோம், சாளையும் அயிலையும் கறியாகத்தான் வைக்கிறோம், தாளிப்புக்கு நல்லெண்ணெய், அவியலுக்கு மட்டும் கடைசியில் அந்த ஒரு சொட்டு. உப்பு இதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழங்கஞ்சிக்குத் தொட்டுக்கொள்கிற கருவாட்டிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். மைனி இப்போது காந்தாரி மிளகும் உள்ளியும் மோரும் வைத்துக் கஞ்சி குடிக்கிறார். வெற்றிலையோடு போடுகிற பொயலையை விட அவருக்கு மூன்று மாசம் பிடித்தது, சொல்ல முடியாத எரிச்சலில் இருந்தார் அந்த மூன்று மாசமும். நாங்கள் எல்லோரும் பொறுத்துக்கொண்டோம்.

எனக்கு பி.பி.க்கும் கொழுப்புக்கும் மாத்திரை தொடங்கினார்கள். மாத்திரை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது என்று சொல்லிப் பயமுறுத்தியவர்கள் பலர். மைனி ஒரு வேளைக்குப் போடுகிற மாத்திரையை எண்ணிக் காட்டினேன், பிறகு யாரும் பேசவில்லை. மைனியின் எல்.டி.எல்.லை 55-க்குக் கீழே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது 58-ல் நிற்கிறது. போன மாச எக்கோவில் 38 சதவீதம் 44 ஆகியிருக்கிறது, அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம், கருப்பட்டி குறைத்துப் போட்டு.

அவர் இனி அண்டி ஆபீஸுக்குப் போவதில்லை. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, சமதரையாகப் பார்த்துக் குளத்துக் கரையில் நடக்கிறார். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற பிள்ளை மாசம் ஒரு தடவை வந்து பி.பி. பார்ப்பாள். அவள் வருகிற நாளில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு வராந்தாவில் உட்கார வைத்துவிடுகிறார் மைனி. முதலில் இரண்டு பேர், இப்போது ஒன்பது பத்துப் பேர். அண்டி ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்கள், ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள், குளச்சலிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா ஒருவர், மீன் கூடையை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டுவார். என்னை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் மைனி: பெயர், வயசு, மாசம் நின்ற வருஷம், பிரசவத்தில் பி.பி. உண்டா இல்லையா, கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி.

போன வாரம் கீழ்வீட்டுச் சித்தி ஒருவர் வந்தார், 44 வயசு. கர்ப்பப்பை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது என்றார். மைனி கேட்டார், “ஓவரி இருக்கா, எடுத்தாச்சா?”

“அதெல்லாம் எனக்கு எங்க தெரியும் அக்கா. மொத்தமா எடுத்தாச்சுன்னு சொன்னாவ.”

“சீட்டு இருக்கும்லா?”

“எங்கயாவது கெடக்கும்.”

“அப்போ போய்த் தேடி எடுத்துட்டு வா. பி.பி. பொறவு பாக்கலாம்.”

சித்தி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். திரும்ப வர முக்கால் மணி நேரம் ஆனது. கையில் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு எக்ஸ்ரே, ஒரு ஸ்கேன், நாலாக மடித்த ஒரு தாள். மைனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைத் தொடையில் வைத்து நீவி, கறுத்த விரல்நுனியை ஒவ்வொரு வரியின்மேலும் வைத்து நகர்த்தினார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த மூன்று எழுத்தின் உருவம் அவருக்கு இப்போது மனப்பாடம்.